"அப்டேட் வருது பாருங்க அக்கா"ன்னு காட்டியே 13,500 ரூபா வாங்கிட்டான், பழைய பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3, டிவில மாட்டி கேம் ஆடுற பெட்டி) வாங்கப் போறவங்க படிச்சுட்டு போங்க

நேத்து ராத்திரி சரியா தூங்கல, வயிறு எரியுது, காலையில டீ கூட குடிக்காம உக்காந்து டைப் பண்றேன். 13,500 ரூபா. தீபாவளி போனஸ்ல வீட்டுக்கு குடுத்தது போக தொடாம வெச்சிருந்த காசு. தம்பி டிப்ளமோ அரியர் எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டான், ரெண்டு வருஷமா ஒரு பிஎஸ் கேட்டுட்டே இருந்தான், பிஎஸ்5 எல்லாம் நமக்கு கட்டுபடியாகாது, சரி பழையது ஒண்ணாவது வாங்கித் தரலாம்னு போனேன். கடை பேர் சொல்லல. கோயம்புத்தூர்ல பழைய கன்சோல், மொபைல் எல்லாம் வாங்கி விக்கிற ஒரு மாடிக்கடை, அவ்ளோதான்.

நான் ஒண்ணும் கண்ண மூடிட்டு வாங்கல. உள்ள போனதுமே கேட்ட முதல் கேள்வியே "இது பழைய மாடல் தானே, கம்பெனி சப்போர்ட் இன்னும் இருக்கா, ஆன்லைன்ல ஆட முடியுமா"ன்னு தான். அந்தப் பையன் வாயால பதில் சொல்லல. பெட்டிய டிவில மாட்டினான், அவன் மொபைல் ஹாட்ஸ்பாட்ட போட்டான், செட்டிங்ஸ்ல போய் சிஸ்டம் அப்டேட்ட அமுக்கினான். டவுன்லோட் ஆகுற கோடு மெதுவா நகர ஆரம்பிச்சுது. நானும் தம்பியும் அந்தக் கோட்டையே பாத்துட்டு நின்னோம். "பாருங்க அக்கா, 2006ல வந்த பெட்டி, கம்பெனி இன்னும் அப்டேட் குடுத்துட்டு இருக்கான், இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்? 8 கோடி பேருக்கு மேல வாங்குன சாமான், அப்படியே விட்டுருவானா? இன்னும் அஞ்சு வருஷம் அசைக்க முடியாது"ன்னான். அந்த இடத்துல தான் நான் விழுந்தேன். வாய்ல சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டேன், கண்ணு முன்னாடி ஓடுதே, எப்படி நம்பாம இருக்கிறது?

தம்பி ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட பிஎஸ்4 இருக்கு, அவனோட சேந்து ஜிடிஏ ஆன்லைன் (ஜிடிஏ 5 கேம நெட்ல மத்தவங்களோட ஆடுறது) ஆடலாமான்னு தம்பி கேட்டான். "தாராளமா ஆடலாம்"னான். பெட்டி, ரெண்டு கன்ட்ரோலர், ஜிடிஏ 5 டிஸ்க் சேத்து 11,000. அதுக்கு மேல "ரெண்டு வருஷ கம்பெனி சப்போர்ட் பேக்"னு 2,500. "என் சொந்த அக்காவா இருந்தாலும் இதத்தான் எடுக்கச் சொல்லுவேன்"னான். அக்காவாம்!

வீட்டுக்கு வந்து டிஸ்க்க போட்டோம், தனியா ஆடுற கதை மோட் ஓடுது. ஆன்லைன் போகவே இல்ல. தம்பி மோடத்த நாலு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டான். சரி பெட்டிக்குள்ளயே இருக்கிற ஆன்லைன் ஸ்டோர்லயாவது ஒரு சின்ன கேம் வாங்கலாம்னு பாத்தா என் டெபிட் கார்ட போட வழியே இல்ல, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைக்கு போன் பண்ணா "நெட் ஸ்லோவா இருக்கும் அக்கா, நைட்டு 12 மணிக்கு மேல ட்ரை பண்ணுங்க". காலையில 5:30க்கு எந்திரிச்சு வேலைக்கு போறவ, 12 மணி வரைக்கும் முழிச்சிருந்து பாத்தேன். அடுத்த நாள் "உங்க பேங்க் பிரச்சன"ன்னான், பர்மிஷன் போட்டு பேங்குக்கு போனா அவங்க "உங்க கார்டுக்கு எந்த ரிக்வெஸ்ட்டும் வரவே இல்லீங்களே"ன்றாங்க. அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் மெசேஜ் பாத்துட்டு பதில் இல்ல. நேர்ல போனா அந்தப் பையனையே காணோம், வேற ஒருத்தன் உக்காந்துட்டு "சாஃப்ட்வேருக்கு எல்லாம் வாரன்ட்டி கிடையாதுங்க"ன்னு மொபைல பாத்துக்கிட்டே சொல்றான். 2,500 வாங்குனீங்களே சப்போர்ட்டுக்குன்னு பில்ல நீட்டினேன். பில்லுல என்ன எழுதிருக்கு தெரியுமா? "கேமிங் ஐட்டம் - 1 - 13,500". அவ்ளோதான். சப்போர்ட்ன்ற வார்த்தையே இல்ல. அத அன்னைக்கே படிக்காதது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

அதுக்கப்புறம் மூணு நாளா நானும் தம்பியும் உக்காந்து படிச்சோம். ஜிடிஏ ஆன்லைன் பிஎஸ்3க்கு 2021 டிசம்பர் 16ஓட மூடியாச்சு. பெட்டி செஞ்ச கம்பெனி ஒண்ணு, கேம் செஞ்ச கம்பெனி ஒண்ணு, ஆன்லைன் சர்வர் பல கேம்ல ரெண்டாவது ஆள் கையில இருக்கு, அவன் எப்போ வேணா கைய விரிக்கலாம். பிஎஸ்4 காரனோட சேந்து ஆடுற கதை அந்த கேம்ல எப்பவுமே கிடையாது, அது சுத்தப் பொய். கார்டு எடுக்காததுக்கு என் பேங்கு காரணமே இல்ல, 2021 அக்டோபர் 27ல இருந்து பிஎஸ்3 ஸ்டோர்ல கார்ட நேரா போட்டு வாங்குறதையே எடுத்துட்டாங்க, வேற வழியில வாலெட்ல காசு ஏத்தினா தான் உண்டு. இது தெரியாம ஒருத்தன் தினமும் இதையே விப்பானா?

அந்த அப்டேட் இருக்கே, அதத்தான் என்னால தாங்க முடியல. பிஎஸ்3ல புளூரே டிஸ்க்ல (டிவிடி மாதிரி, அத விட தெளிவான பட டிஸ்க்) படம் ஓடணும்னா உள்ள ஒரு என்கிரிப்ஷன் சாவி வேணும், அது அப்பப்போ காலாவதி ஆகும். 2023, 2024, 2025ல வந்த அப்டேட்ல முக்கியமா செஞ்சது அந்த சாவிய புதுப்பிச்சது தான். கேமுக்கும் ஆன்லைனுக்கும் அதுல ஒண்ணும் இல்ல. பெட்டி டிஸ்க்ல படம் காட்டுறதுக்கு வந்த அப்டேட்ட காட்டி எனக்கு அஞ்சு வருஷ சப்போர்ட் வித்திருக்கான்.

8 கோடி பேர் வாங்குனாங்களாம். நின்டென்டோ கம்பெனியோட டிஎஸ்னு கையில வெச்சு ஆடுற கேம் பெட்டி 15 கோடிக்கு மேல வித்துச்சு, அதோட ஆன்லைன் 2014 மே 20ல நின்னு போச்சு, ஏன்னா ஆன்லைன் ஆட அது அடியில நம்பிட்டு இருந்த கேம்ஸ்பைன்ற வெளி சர்வீஸே அந்த மாசக் கடைசில கடைய மூடிட்டான். அதே நின்டென்டோவோட வீ யூ 1.35 கோடி தான் வித்துச்சு, 3டிஎஸ் 7.5 கோடிக்கு மேல, ரெண்டுக்கும் ஆன்லைன் ஒரே நாள்ல, 2024 ஏப்ரல் 8ல முடிஞ்சுது. எத்தன பேர் வாங்குனாங்கன்றது முக்கியம் தான், பிஎஸ்2 2000ல வந்து 2012 கடைசி வரைக்கும் தயாரிச்சாங்கன்னா வித்துட்டே இருந்ததால தான். ஆனா பின்னாடி வந்த மாடலுக்கு எத்தன பேர் போயிட்டாங்க, இன்னும் எத்தன பேர் ஆன் பண்றாங்க, சர்வர யார் நடத்துறான், ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குதா, இது எல்லாம் சேந்து தான் முடிவாகும். பிஎஸ்3 உள்ள இருக்கிற செல் ப்ராசஸர் வேற எதோடயும் ஒத்துப்போகாத ஜாதி, பிஎஸ்4ல அந்த டிஸ்க் ஓடாது. மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்கான ஸ்டோர 2024 ஜூலை 29ல மூடினாங்க, ஆனாலும் அதோட நிறைய கேம் புது எக்ஸ்பாக்ஸ்ல ஓடுது. அந்த வித்தியாசத்தையாவது சொல்லிருக்கலாம்ல? 2021 மார்ச்ல பிஎஸ்3 ஸ்டோரையே மூடுறோம்னு அறிவிச்சாங்க, ஜனங்க கத்துனதால தான் அடுத்த மாசம் அந்த முடிவ வாபஸ் வாங்குனாங்க. அப்படி நூல்ல தொங்குற விஷயத்துக்கு ரெண்டு வருஷ கேரண்டி குடுக்க இந்த மாடிக்கடைக்காரன் யாரு?

நேத்து தம்பி பெட்டிய திருப்பி வெச்சு பாத்தான், சீல் ஸ்டிக்கருக்கு அடியில பாதி கிழிஞ்ச இன்னொரு ஸ்டிக்கர். எத்தன பேர் கை பட்டுச்சோ.

வாங்கப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னு தான் ஆரம்பிச்சேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்றேன். அப்டேட் ஓடுறத காட்டினா நம்பாதீங்க, நீங்க ஆடப் போற கேம கடையிலயே போட்டு ஆன்லைன் போய் காட்டச் சொல்லுங்க. கம்பெனி சப்போர்ட்ட கடைக்காரன் காசுக்கு விக்க முடியாது, பேக்குன்னு சொன்னாலே எந்திரிச்சு வந்துருங்க. டிஸ்க்ல தனியா ஆடுறதுக்கு மட்டும்னா வாங்குங்க, அதுக்குண்டான விலை மட்டும் குடுங்க. பில்லுல மாடல் நம்பர், அவன் சொன்ன வாக்கு எல்லாம் எழுதி வாங்குங்க.

1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சாச்சு, நம்பர் வந்திருக்கு. தம்பி "விடுக்கா, கதை மோடே நல்லாத்தான் இருக்கு"ன்றான், எனக்காகச் சொல்றான். அந்த 13,500 கைக்கு வராம நான் விடறதா இல்ல, சனிக்கிழம மறுபடியும் அந்த மாடி ஏறப் போறேன். இதே மாதிரி கோயம்புத்தூர்ல யாராவது ஏமாந்திருந்தா சொல்லுங்க, சேந்து போலாம்.