சில நூறு ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கோளாறுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'இஎல்எம்327' புளூடூத் ஸ்கேனரை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர்களோடு பேசும் வழி அது) செருகினால் கியர்பாக்ஸின் வியாதி போனிலேயே தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படித் தெரியாது. ஆனால் குற்றவாளி கியர்பாக்ஸ்தானா, இல்லை பேட்டரியா, ஆயிலா, என்ஜினா என்பதை இது பிரித்துக் காட்டும். கியர்பாக்ஸ் பெட்டியை இறக்கிப் பிரிப்பதற்கு முன்னால் தெரிய வேண்டியது அதுதான். அந்த ஒரு வேலைக்காகவே இதை வாங்கலாம்.

முதலில் சிப். அசல் இஎல்எம்327 சிப்பைச் செய்தது கனடாவின் இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ். அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. சந்தையில் இருக்கும் மலிவு ரகங்கள் ஏறக்குறைய எல்லாமே நகல்தான். ஸ்கேனர் வரும் அட்டைப்பெட்டியில் 'வெர்ஷன் 1.5' என்று போட்டிருப்பார்கள். அசல் நிறுவனம் அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. '2.1' என்று வருபவை பெரும்பாலும் இன்னும் மோசம். பல கட்டளைகளுக்குப் பதில் சொல்லாது, நீளமான பதில்களைப் பாதியில் விட்டுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் பேச அந்த நீளமான பதில்கள்தான் வேண்டும். என்ஜின் கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு) மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறை கண்ணிலேயே படாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் 4.0 ரகமோ வைஃபை ரகமோதான் வாங்க வேண்டும். பழைய புளூடூத் ரகம் ஐபோனோடு சேராது.

செருகியதும் கோடு பார்க்க அவசரப்பட வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். ஸ்கேனர் காட்டும் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் மல்டிமீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள். ஆயில் பாதையை மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வுகளும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் வோல்டேஜை நம்பித்தான் ஓடுகின்றன. பேட்டரி தளர்ந்தாலோ எர்த் ஒயர் துருப்பிடித்தாலோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் கொத்தாக வந்து விழும்.

பிறகு கோடு. பி0700 வந்தால் 'கியர்பாக்ஸ் போச்சு' என்று பொருள் இல்லை. 'என்னிடம் ஒரு கோடு இருக்கிறது, என்னைக் கேள்' என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஆப்பில் உங்கள் வண்டியின் கம்பெனி, மாடல் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து டிரான்ஸ்மிஷன் பகுதிக்குள் போனால்தான் உண்மையான கோடு கிடைக்கும். பி0715 என்றால் டர்பைன் (கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சி) வேக சென்சார், பி0720 அவுட்புட் (வெளியே போகும் சுழற்சி) வேக சென்சார். பி0731 முதல் பி0735 வரை வந்தால் 1 முதல் 5 வரையிலான கியர்களில் அந்தந்தக் கியரின் விகிதம் தப்புகிறது. பி0741 டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்கப், அதாவது இரண்டையும் நேராகப் பூட்டும் கிளட்ச், பிடிக்கவில்லை என்பதற்கு, பி0750 ஷிஃப்ட் சாலினாய்டு 'ஏ'-க்கு. சென்சார் கோடு வந்தால் ஒயரையும் கனெக்டரையும் பார்க்காமல் பெட்டியில் கை வைக்கவே கூடாது. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கோடு விழுந்த நொடியின் பதிவான 'ஃப்ரீஸ் ஃபிரேம்' உட்பட. 'கிளியர்' பட்டனை அமுக்கினால் அந்தப் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய நல்ல தடயம் அதோடு போய்விடும்.

இந்த ஸ்கேனரின் மதிப்பு கோடில் இருப்பதைவிட ஓடும்போது வரும் அளவுகளில்தான் இருக்கிறது. அங்கேதான் மலிவு ரகத்தின் பெரிய பலவீனமும் தெரியும்: நொடிக்குச் சில அளவுகளைத்தான் அது வாங்கித் தரும். திரையில் 15 அளவுகளை வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறைதான் மாறும், இடையில் அரை நொடி வழுக்கினால் தெரியவே தெரியாது. அதனால் நான்கு மட்டும் போதும்: என்ஜின் ஆர்பிஎம், டர்பைன் வேகம், அவுட்புட் வேகம், ஆயில் வெப்பம். பதிவை ஆன் செய்துவிட்டு ஓட்டுங்கள். போனைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு அதே சாலையில் இன்னொரு முறை.

டர்பைன் வேகத்தை அவுட்புட் வேகத்தால் வகுத்தால் அந்தக் கியரின் விகிதம் வர வேண்டும். விகிதம் 1:1 ஆக இருக்கும் கியரில் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அங்கே டர்பைன் 2150, அவுட்புட் 2000 என்று நின்றால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. சூடான பிறகு மட்டும் வழுக்கினால் ஆயில் அழுத்தம் குறைகிறது என்று சந்தேகப்படலாம்: ஆயில் குறைவு, அடைத்த ஃபில்டர், தேய்ந்த சீல். பிரேக் மிதியை அமுக்கிக்கொண்டு 'பி'-யிலிருந்து 'டி'-க்கு மாற்றும்போது ஒன்றரை நொடிக்கு மேல் பிடிக்காமல் இருந்தாலும் இதே வரிசையில்தான் தேட வேண்டும்.

60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது வண்டி அதிர்கிறதா? என்ஜின் ஆர்பிஎம், டர்பைன் வேகம் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். லாக்கப் முழுதாகப் பிடித்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே ஓட வேண்டும். இடைவெளி ஏறி இறங்கி ஆடினால் லாக்கப் கிளட்ச். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் வேகத்தை மாற்றாமல் பிரேக் மிதியை இடது காலால் சும்மா தொடுங்கள். லாக்கப் விட்டு அதிர்வு நின்றால் உறுதி. இதற்குப் பல நேரம் ஆயில் மாற்றினாலே போதும். முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். இடைவெளி ஆடாமல், மேடு ஏறும்போது உதறல் கூடி, பி0300 வரிசைக் கோடும் சேர்ந்து வந்தால் என்ஜின் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. பிளக்கையும் காயிலையும் பாருங்கள். ஐடிலிங் ஆர்பிஎம் 750-க்குப் பதில் 1100-ல் நின்றால் 'டி' போடும்போது அடி விழத்தான் செய்யும். அழுக்கான திராட்டில் பாடி, கிழிந்த என்ஜின் மவுண்ட் இவற்றின் பழியைக் கியர்பாக்ஸ் சுமப்பது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு பெரிய உபயோகம் ஆயில் அளவு பார்ப்பது. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் வண்டியைச் சமமாகத் தூக்கி, என்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கையில் வழிவுத் துளையின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் அது 35 முதல் 45 டிகிரிக்குள் வரும். உங்கள் பெட்டிக்கான எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். வெப்பம் பார்க்காமல் ஊற்றினால் கூடுதலாகவோ குறைவாகவோதான் நிற்கும். அந்த வெப்ப அளவை இந்தச் சின்னக் கருவி திரையில் காட்டுகிறது. ஆயில் ரகத்திலும் சமரசம் வேண்டாம்: டொயோட்டா டபிள்யூஎஸ் கேட்கும் பெட்டிக்கு அதுதான், ஹோண்டா சிவிடி எச்சிஎஃப்-2 கேட்டால் அதுதான். 'எல்லாத்துக்கும் ஒரே ஆயில்' என்று டின்னைத் திறப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எங்கே கைவிடும்? ஏஎம்டி வண்டிகளில் (மேனுவல் கியர்பாக்ஸைக் கம்ப்யூட்டரே மாற்றும் ரகம்) கிளட்ச் தேய்ந்ததும் அது பிடிக்கும் புள்ளியைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதை இந்த ஸ்கேனரால் செய்ய முடியாது, சர்வீஸ் சென்டர் கருவியோ அந்த வசதி உள்ள விலை கூடிய ஸ்கேனரோ வேண்டும். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் வந்த டிகியூ200 டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) பெட்டியும் அப்படித்தான். அதில் கியர்களையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டின் அழுத்தக் கலன் இருக்கும் இடத்தில் வெடிப்பு விழுந்து பி17பிஎஃப் கோடு வருவது தெரிந்த வியாதி. அந்த யூனிட்டின் பம்ப் அழுத்தத்தை அளவாகப் பார்க்க விசிடிஎஸ், ஓபிடி லெவன் போன்ற ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கான கருவிகள்தான் சரி. சாலினாய்டு உண்மையில் பழுதா என்பதையும் ஸ்கேனர் சொல்லாது. மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பார்த்துக் கையேட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். வந்த அன்றே சிப் கட்டளைகளைச் சோதிக்கும் இலவச ஆப் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள், பிறகு ஆயில் வெப்பம் வருகிறதா என்று பாருங்கள். என்ஜின் அளவுகள் எல்லாம் வந்து, அதே மாடல் வண்டியில் மற்றவர்களுக்கு வரும் ஆயில் வெப்பம் மட்டும் உங்களுக்கு வரவில்லை என்றால் தயங்காமல் திருப்பிவிட்டு, சில ஆயிரம் ரூபாய் ரகத்துக்குப் போங்கள். வேலை முடிந்ததும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பல மலிவு ரகங்கள் தூங்கவே தூங்காது, வண்டி நாள்கணக்கில் நின்றால் பேட்டரியைக் குடித்துவிடும்.