வாழைநார் நாப்கின்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின்

திருச்சியில் வசிக்கும் நான், கடந்த சில ஆண்டுகளாக, ஒருமுறை பயன்படுத்திக் களையும் வாழைநார் மாதவிடாய் நாப்கின்களையே பெரும்பாலும் வாங்கி வருகிறேன். இங்கே சொல்லப்போகும் குறைகளில் பல, இந்த வகைப் பொருள் முழுவதற்கும் பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். அதன் பிறகு மரம் வெட்டப்படும். தொட்டியம், முசிறிப் பக்கம் அறுவடை முடிந்த தோட்டங்களில் அந்த மரங்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த மூலப்பொருளின் அருமை விளங்கும்: இதற்கென்று தனியாகப் பயிரிட ஒரு சென்ட் நிலமோ, பாய்ச்ச ஒரு குடம் தண்ணீரோ தேவையில்லை. மட்டைகளை இயந்திரத்தில் கொடுத்துச் சுரண்டி நாரைப் பிரித்து, அலசி, உலர்த்துகிறார்கள். ஆனால் அப்படிக் கிடைக்கும் நார் கயிறு திரிக்கத்தான் ஏற்றது. அதில் இழைகளை இறுக்கிப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதை விறைப்பாக வைத்திருக்கிறது. காரக் கரைசலில் வேகவைத்து லிக்னினைக் குறைத்து, நாரை மென்மையாக்கிய பிறகே அது உறிஞ்சும் பஞ்சாகிறது. முதலில் வாங்கிய பாக்கெட்டுகளுக்கும் இப்போது வருபவற்றுக்கும் இடையே மென்மையில் தெரியும் வேறுபாடு, இந்தப் பதப்படுத்தும் கட்டத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் என்றே நினைக்கிறேன்.

பயன்பாட்டில், பகல்பொழுதுக்கு எனக்குக் குறையேதும் இல்லை. வழக்கமான மெல்லிய நாப்கின்களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது. அது திரவத்தைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்வதால், மேலே உட்கார்ந்து அழுத்தினாலும் எளிதில் வெளியே விடாது. நார் அப்படியன்று, இழைகளுக்கு இடையே தேக்கி வைப்பதால், அழுத்தம் கூடும்போது ஈரம் மேலே வரும். ஆகவே உதிரப்போக்கு அதிகமான நாள்களில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, நீண்ட பேருந்துப் பயணங்களில் கவலையும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள் இரவில் இதை நம்ப மறுக்கிறாள். அவளைக் குறைசொல்ல முடியாது. தடிமனும் கூடுதல். மறுபுறம், சித்திரை வெயிலில் தொடையிடுக்கில் வரும் அரிப்பு எனக்கு வெகுவாகக் குறைந்தது. அதற்கு நார்தான் காரணமா, வாசனைத் திரவியம் இல்லாததும் பிளாஸ்டிக் மேலுறைக்குப் பதில் பருத்தி இருப்பதும் காரணமா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

உண்மையான பலவீனம் அடிப்பகுதியில் இருக்கிறது. பசை கோடையில் இளகி, பக்கவாட்டில் ஒட்டும் ‘விங்ஸ்’ மடிந்துகொள்கின்றன. கசியாமல் தடுக்கும் பின்தாள் மாவுச்சத்திலிருந்து தயாரிக்கப்படும், மட்கக்கூடிய ஒருவகைப் படலம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். பயன்படுத்தாத சிலவற்றைப் பிரித்து மொட்டைமாடி உரத்தொட்டியில் புதைத்துப் பார்த்தேன். மழைக்காலம் முடிவதற்குள் பஞ்சு இருந்த இடம் தெரியவில்லை. பின்தாளோ வடிவம் மாறாமல் அப்படியே கிடந்தது. இதில் மோசடி ஏதும் இல்லை. மட்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரநிலையின் சோதனை, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தொழிற்சாலை உரக்கூடத்தின் சூழலில் நடத்தப்படுவது. வீட்டுத் தொட்டி நெடுநாள் அந்தச் சூட்டைத் தாங்கி நிற்பதில்லை. அந்த நிபந்தனையையும் அட்டையிலேயே அச்சிடுவதுதான் நேர்மை.

இதைவிட வருத்தம் தருவது அதன் பிறகான பாதை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய நாப்கினைப் பொதிந்து, மட்காத குப்பைக்கான தொட்டியில் இடச் சொல்லியிருந்தன. தூய்மைப் பணியாளர்களின் பாதுகாப்பைக் கருதினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் வாழைநாராக இருந்தாலும் பாலித்தீனாக இருந்தாலும் இரண்டும் ஒரே பையில், ஒரே இடத்துக்கே போய்ச் சேருகின்றன. பஞ்சிலும் மேலுறையிலும் பிளாஸ்டிக் இல்லாததால், அவை காலப்போக்கில் பிளாஸ்டிக் நுண்துகள்களாகச் சிதறமாட்டா என்ற அளவில் நன்மை நிச்சயம் உண்டு. உரமாகும் நன்மை மட்டும் காகிதத்தில் நிற்கிறது.

விலை, வழக்கமானதைவிடக் கணிசமாக அதிகம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் நாப்கின் ‘ஆக்சோ’ வகையில் மட்குவதாகச் சொல்லப்படுகிறது. ஏழைப் பெண்களுக்கு அது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆயினும் ஆக்சோ முறை என்பது சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு சேர்மத்தைக் கலந்து விரைவில் உடையச் செய்வதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அத்தகைய பிளாஸ்டிக்கை விற்பனையிலிருந்தே விலக்கிவிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விலையை ஒப்பிடுவது பொருந்தாது.

புதிதாக வாங்க எண்ணுபவர்கள் முதலில் சிறிய பாக்கெட்டாக வாங்கி, போக்கு குறைவான நாள்களில் பகலில் பயன்படுத்திப் பார்க்கலாம். பஞ்சு, மேலுறை, பின்தாள், பசை ஆகிய நான்கும் எதனால் ஆனவை என்று அட்டையில் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சைப் பற்றி மட்டுமே பேசும் அட்டையை நான் கடையிலேயே திருப்பி வைத்துவிடுகிறேன்.