ஜி.எம்.எஃப்.சி.எஸ்., ஜி.எம்.எஃப்.எம்.: பல வருடம் பயன்படுத்திய பிறகு ஒரு பெற்றோரின் அனுபவம்

செரிபிரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு) உள்ள பிள்ளையின் மருத்துவ ஃபைலில் எப்படியும் வந்து சேரும் இரண்டு பெயர்கள் இவை. எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் பல பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மகளுக்கு இரண்டு வயது முடிந்ததிலிருந்து இரண்டோடும் பழகி வருகிறோம். இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். எது எதற்கு உதவியது, எது எரிச்சலூட்டியது என்று சொல்கிறேன்.

ஜி.எம்.எஃப்.சி.எஸ். (Gross Motor Function Classification System) என்பது உட்காருவது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளை வைத்துப் பிள்ளையை ஒரு நிலையில் சேர்க்கும் வகைப்பாடு மட்டுமே. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 1997இல் வெளியிட்டது; 2007இல் திருத்தி, 12 முதல் 18 வயது வரைக்கும் விவரம் சேர்த்தார்கள். மொத்தம் ஐந்து நிலைகள். முதல் நிலைப் பிள்ளை தானாக நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே பாடு. பிள்ளை வழக்கமாக என்ன செய்கிறது என்றுதான் இது கேட்கிறது, அதிகபட்சமாக என்ன முடியும் என்று இல்லை. அதனால் பெற்றோரே நிரப்புவதற்கென்று தனிப் படிவமும் உண்டு. வயதுக்கேற்ற விவரிப்புகளில் நம் பிள்ளைக்குப் பொருந்துவதை டிக் செய்தால் போதும், சில நிமிட வேலை. நாங்களும் தெரபிஸ்டும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தபோது இருவருக்கும் மூன்றாம் நிலை என்றே வந்தது.

சரி, தெரபி செய்தால் மூன்று இரண்டாகுமா? எல்லாப் பெற்றோரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் ஆகாது. இரண்டு வயதுக்குக் கீழே போட்ட நிலையைப் பின்னால் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்; அதற்குப் பிறகு அதிகம் நகராது. நிலை மாறவில்லை என்பதற்காகத் தெரபி வீண் என்று நினைப்பது, அந்தத் தாளிடம் அது தராத பதிலைக் கேட்பது.

முன்னேற்றத்தைப் பார்க்க ஜி.எம்.எஃப்.எம். (Gross Motor Function Measure) இருக்கிறது, பிள்ளையைச் செய்யச் சொல்லி மார்க் போடும் சோதனை. முழு வடிவத்தில் 88 செயல்கள்: படுத்துப் புரள்வது, உட்காருவது, தவழ்ந்து முட்டி போடுவது, நிற்பது, நடந்து ஓடிக் குதிப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்தான் செய்ய வேண்டும், ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். 66 செயல்கள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. பிள்ளை பாதியில் அழுது, மீதியைச் செய்ய மறுத்தால் அதுதான் கைகொடுக்கும். முழு வடிவத்தில் செய்யாமல் விட்டதெல்லாம் பூஜ்யம். இதில் விட்டதை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட வழி இருக்கிறது.

எங்களுக்கும் தெரபிஸ்டுக்கும் உரசல் வந்தது இங்கேதான். பிடிமானமில்லாமல் 3 விநாடி நிற்க வேண்டும் என்று ஒரு செயல். அவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார, மகள் பெஞ்சைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, உடம்பு ஆட ஆட நின்றே விட்டாள். மூன்று முயற்சி வரை தரலாம், சிறந்ததற்குத்தான் மார்க். முழு மார்க்கும் போட்டார். எனக்கோ நம்ப முடியவில்லை. வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட வயிற்றை வாஷ்பேசினில் சாய்த்தபடிதான் நிற்பாள், ஒரு கை எப்போதும் குழாயில். இதற்கு நேர்மாறாகவும் ஆகியிருக்கிறது. வீட்டு சோஃபாவில் தானே ஏறிவிடுபவள், அங்கே பெஞ்சில் ஏறச் சொன்னால் முறைப்பாள். ‘வீட்டில் செய்வாள்’ என்று நாம் சொன்னால் மார்க் கிடையாது, அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

கொஞ்ச நாள் இது கண்டிப்பு என்று பட்டது. அப்புறம் இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களை அளக்கிறோம் என்பது பிடிபட்டது. அவர் அளப்பது முடிவதை, நாங்கள் சொல்வது நடப்பதை. அந்த இடைவெளியில்தான் தெரபிக்கு வேலையே இருக்கிறது. கையை விட்டு நிற்க முடிகிறவள் வாஷ்பேசினில் ஏன் சாய்கிறாள்? ஈரத் தரையா, பயமா, அசதியா? இந்தக் கேள்விக்குப் பிறகுதான் குளியலறையில் கைப்பிடி வந்தது.

பெற்றோரின் பக்கத்துக்குச் சரியான இடம் தருவது மூன்றாவது ஒன்று: எஃப்.எம்.எஸ். (Functional Mobility Scale), 4 வயதுக்கு மேல். 5, 50, 500 மீட்டர் தூரங்களுக்குப் பிள்ளை எப்படிப் போகிறது என்று நம்மிடம் கேட்டே நிரப்புவார்கள். வீட்டுக்குள் தவழ்கிறாள், பள்ளியில் வாக்கர், வெளியில் வீல்சேர். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்பதை இந்தத் தாள் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. கையால் செய்யும் வேலைகளுக்கு எம்.ஏ.சி.எஸ். (Manual Ability Classification System) என்று தனி வகைப்பாடு உண்டு, எங்களுக்கு அதில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

குறை என்றால், ஜி.எம்.எஃப்.எம். செய்ததா இல்லையா என்று பார்க்குமே தவிர எவ்வளவு அழகாகச் செய்தது என்று பார்ப்பதில்லை. முட்டி மடங்கி நடந்தாலும் நிமிர்ந்து நடந்தாலும் அடிகள் வந்தால் மார்க் வரும். காய்ச்சல் விட்ட வாரத்திலும், மளமளவென்று உயரம் கூடும் மாதங்களிலும் மார்க் இறங்கும், பதற வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே நேரம், வெறுங்கால், முடிந்தால் அதே தெரபிஸ்ட் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் எடுத்த வீடியோ மார்க்கில் சேராது, ஆனால் அடுத்த மாதம் எதில் உழைப்பது என்று முடிவு செய்யும்போது எங்கள் தெரபிஸ்ட் முதலில் கேட்பது அதைத்தான்.