பைலட் கேப்லெஸ்: மூடி இல்லாத இங்க் பேனாவோட ஒன்றரை வருஷம்

வக்கீலுக்கு பேனா என்ன அவ்ளோ பெரிய விஷயமானு கேக்காதீங்க. காலைல கோர்ட் ஹால்ல போய் நின்னா இடது கைல கேஸ் கட்டு, அதுக்கு மேலயே டயரி, வலது கை ஒண்ணு தான் சும்மா இருக்கும். நம்ம நம்பர கூப்பிட்டு தேதிய சொல்லிட்டு உடனே அடுத்த நம்பருக்கு போயிடுவாங்க, அந்த ரெண்டு செகண்டுக்குள்ள வாய்தா எப்போ, எதுக்குன்னு குறிச்சாகணும். சாயந்திரம் போன்லயே தேதி பாத்துக்கலாம் தான், ஆனா டயரில நம்ம கைப்பட எழுதினா தான் மனசுக்கு திருப்தி.

ஸ்கூல்ல இருந்தே நான் இங்க் பேனா ஆளு. என் சீனியர் சென்னை பாரிஸ் கார்னர்ல ஜெம் அண்ட் கோங்கற பேனா கடைல வாங்கிக் கொடுத்த காமா எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா இன்னும் வீட்டு மேசைல இருக்கு, உக்காந்து டிராஃப்ட் எழுத அதுல இருக்க சுகமே தனி. ஆனா மூடிய திருகி கழட்ட ரெண்டு கையும் வேணுமே, நின்னுக்கிட்டு எங்க முடியும்? அதனால கோர்ட்டுக்கு மட்டும் பால் பாயிண்ட், அழுத்தி அழுத்தி எழுதி சாயந்திரம் கட்டைவிரல் வலிக்க ஆரம்பிச்சிடும். நடுவுல ஆன்லைன்ல விலை கம்மியா ஒரு பட்டன் இங்க் பேனா வாங்கினேன், பதினோரு மணி டீக்குள்ள நிப்பு காஞ்சு போச்சு, அத தூக்கி போட்டுட்டேன்.

அப்புறம் தான் மனச தேத்திக்கிட்டு பைலட் கேப்லெஸ் வாங்கினேன், பதினஞ்சாயிரத்த தாண்டிடுச்சு. ஜப்பான்காரங்க 1963லயே கொண்டு வந்த டிசைன் இது. பின்னாடி பட்டன கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கினா 18 காரட் தங்க நிப்பு வெளிய வரும், இன்னொரு அமுக்கு, உள்ள போயிடும். முன் ஓட்டைக்குள்ள எட்டிப் பாத்தீங்கன்னா சின்னதா ஒரு கதவு தெரியும், நிப்பு உள்ள போனதும் அது மூடிக்கும், நிப்பு காயாம இருக்கறது அதனால தான். எனக்கு பேனாவுல ரொம்ப பிடிச்ச இடமே அந்த குட்டி கதவு தான்.

கிளிப்பு நிப்பு பக்கமே இருக்கும். பாக்கெட்ல சொருகினா நிப்பு மேல பாத்து நிக்கும், இங்க் கீழ இறங்கி வராது, வெள்ளை சட்டை போடறவங்களுக்கு இது எவ்ளோ முக்கியம்னு சொல்லணுமா. ஒரு தடவ அவசரத்துல நிப்ப உள்ள இழுக்க மறந்து அப்படியே சொருகிட்டேன், பாக்கெட் ஓரத்துல நீலமா ஒரு கோடு விழுந்துச்சு. அன்னைல இருந்து எழுதி முடிச்சதும் விரல் தானா அமுக்கிடுது. எழுதும்போது அந்த கிளிப்பு ரெண்டு விரலுக்கு நடுவுல வரும். எனக்கு ஒரு வாரத்துல பழகிடுச்சு, ஆனா பேனாவ சாய்ச்சு திருப்பிப் பிடிக்கறவங்களுக்கு கண்டிப்பா இடிக்கும், அவங்க கைல பிடிச்சு எழுதிப் பாக்காம வாங்கவே வாங்காதீங்க. உடம்பு பித்தளை, சுமார் முப்பது கிராம் கனம். இதே மாதிரியே ஆனா இன்னும் ஒல்லியா லேசா வேணும்னா பைலட்லயே டெசிமோன்னு ஒண்ணு இருக்கு.

நான் வாங்கினது எஃப், அதாவது ஃபைன் நிப்பு. ஜப்பான் எஃப் நம்மூர் கணக்குக்கு நல்லாவே மெல்லிசு, டயரில ஒரு நாளைக்கு பத்து கேஸ் எழுதினாலும் எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, பேப்பர் சுமாரா இருந்தாலும் பின்பக்கம் ஊறாது. பாட்டில் இங்க்க உறிஞ்சி நிரப்பிக்கற கான்-40 கன்வெர்ட்டர்ல அரை மில்லிகூட பிடிக்காது, சாட்சி விசாரணை இருக்கற நாள்ல மத்தியானத்துக்கே காலி. அதனால நான் இங்க் அடைச்சே வர்ற கார்ட்ரிட்ஜுக்கு மாறிட்டேன், 0.9 மில்லி, ரெண்டு மடங்குக்கு மேல வருது. கார்ட்ரிட்ஜ் போட்டா, பேனாவோட வர்ற உலோக மூடிய அதுக்கு மேல மாட்டணும், அத தொலைச்சிடாதீங்க. மே லீவுக்கு முன்னாடி நடுவுல திருகிப் பிரிச்சு நிப்பு யூனிட்ட தனியா எடுத்து பச்சைத் தண்ணில கழுவி காயவச்சிடுவேன், ஜூன்ல புது கார்ட்ரிட்ஜ் குத்தினதும் முதல் வரிலயே எழுதுது.

இவ்ளோ பணம் போட முடியாதுன்னா 2020ல வந்த பிளாட்டினம் கியூரிடாஸ் இருக்கு, பிளாஸ்டிக் உடம்பு, ஸ்டீல் நிப்பு, அதுவும் பட்டன் தான். நாள் பூரா உக்காந்தே எழுதற வேலைனா ரெண்டுமே வேண்டாம், மூடி போட்ட நல்ல பேனாவே போதும்.