ஆர்க்கைவ் தளத்தோடு பல வருடங்கள்: தினமும் படிக்காதீர்கள்

செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கே போவது என்று, வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையதளத்தைச் சொல்வேன். கூடவே, தினமும் போகாதீர்கள் என்றும் சொல்வேன். முதல் பதிலை எழுதிக்கொள்வார்கள், இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1991இல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தபோது தொடங்கியது இது. இதழில் அச்சாகும் முன்பே கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள ஓர் இடம். 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. இயற்பியலுக்காகப் பிறந்த தளத்தில் இன்று அதிகமாக வந்து குவிவது கணினி அறிவியல்தான். படிக்கக் காசு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. பொறியியல் கல்லூரி நூலகத்தில் சந்தா கட்டாத இதழின் வாசலில் நின்று திரும்பியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

புதுப் பட்டியல் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 8 மணிக்கு வரும். நமக்கு அது விடிகாலை 5.30, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றிவிட்டால் 6.30. திங்கள் முதல் வெள்ளி வரை உண்டு, சனி ஞாயிறு கிடையாது. ஆரம்பத்தில் இதை நான் காப்பியும் பேப்பருமாகத்தான் வைத்திருந்தேன். எந்திர கற்றல், மொழி, கணினிப் பார்வை என்று மூன்று பிரிவுகளிலும் ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன். அப்போது அது நடக்கிற காரியமாக இருந்தது. 2024 அக்டோபரில் ஒரே மாதத்தில் எல்லாத் துறைகளிலுமாக 24,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. எந்திர கற்றல் பிரிவில் மட்டும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது. தலைப்புகளை மட்டும் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

சரி, மேலே இருக்கும் பத்தை மட்டும் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பட்டியலின் வரிசை தரத்தை வைத்து அல்ல, கட்டுரை வந்து சேர்ந்த நேரத்தை வைத்து. அவர்கள் நேரப்படி மதியம் 2 மணிக்கு ஒரு நாள் கணக்கு முடியும். அந்த நிமிடம் தாண்டியதும் அனுப்புகிறவர்கள் அடுத்த பட்டியலின் தலைக்கு வருவார்கள், அதற்காகவே கடிகாரம் பார்த்து அனுப்புகிறவர்கள் உண்டு. மேலே இடம் பிடித்த கட்டுரைகளுக்குப் பின்னாளில் மேற்கோள்களும் கூடுதலாகக் கிடைக்கின்றன என்று இயற்பியல் பிரிவுகளை வைத்து ஆராய்ந்து காட்டியவர்களில் கின்ஸ்பார்க்கே ஒருவர். தன் தளத்தின் குறையைத் தானே அளந்து பார்த்து எழுதிய மனிதர், அதற்காகவே ஒரு மரியாதை.

நான் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த முறை வேறு. கட்டுரை வந்த அன்று படிப்பதில்லை. யாராவது அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தங்கள் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டிய பிறகுதான் திறக்கிறேன். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் லோரா. சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடியில் இருக்கும் பெரிய மொழி மாதிரியின் எடைகளை, அதாவது அது கற்றுவைத்திருக்கும் எண்களை, அப்படியே உறைய வைத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு சிறிய எண் அட்டவணைகளை (அணிகளை) மட்டும் பயிற்றுவிக்கும் வித்தை. ஜிபிடி-3 அளவு மாதிரியில் பயிற்றுவிக்க வேண்டிய எண்களை 10,000 மடங்கு குறைக்கலாம், பயிற்சிக்கு வேண்டிய ஜிபியு சில்லின் நினைவகத் தேவையை 3 மடங்கு குறைக்கலாம் என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். 2021 ஜூனில் வந்தது. அன்றைக்கே படிக்காதவர்களுக்கு ஒன்றும் குடிமுழுகவில்லை. இன்று வீட்டுக் கணினியில் ஒரு மாதிரியைத் தன் தேவைக்குத் திருத்துகிறவர் பெரும்பாலும் லோராவையோ அதன் வாரிசுகளையோதான் தொடுகிறார். நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்த கட்டுரையும் அதுதான்.

கட்டுரை எண்ணைப் படிக்கப் பழகினால் இன்னொரு லாபம். லோராவின் எண் 2106.09685. முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம். வாட்ஸ்அப்பில் ‘நேற்று வந்த புரட்சி’ என்று சுட்டி வரும், எண்ணைப் பார்த்தால் 2203 என்று தொடங்கும். பதில்கூடப் போட வேண்டாம்.

பதிப்பு எண்ணும் முக்கியம். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரை 2017 ஜூனில் வந்தது, அதன் ஏழாவது பதிப்பு 2023 ஆகஸ்டில் ஏறியது. சுட்டியை வெறுமனே சொடுக்கினால் கடைசிப் பதிப்புதான் திறக்கும். பழையவையும் அழியாமல் இருக்கும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். 2017இல் ஜெர்மானியப் பேராசிரியர் நோர்பெர்ட் ப்ளும், கணினி அறிவியலின் மிகப் பெரிய புதிரான பி-என்பி கேள்விக்கு விடை கண்டதாக ஒரு கட்டுரை போட்டார். உலகமே உட்கார்ந்து படித்தது. சில வாரங்களில் நிரூபணம் தவறு என்று அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது.

இங்கே வருவதை நிபுணர்கள் சரிபார்ப்பதில்லை. துறைக்குப் பொருந்துகிறதா, அடிப்படை ஒழுங்கு இருக்கிறதா என்று மட்டுறுத்துநர்கள் பார்ப்பார்கள், அவ்வளவுதான். 2024 இறுதியில், ஆய்வகத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்ததும் கண்டுபிடிப்புகள் பெருகின என்று ஒரு பொருளியல் மாணவரின் கட்டுரை வந்து பத்திரிகை வரை பரவியது. 2025 மே மாதம் அவர் படித்த எம்ஐடி பல்கலைக்கழகமே, அந்தத் தரவின்மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை, கட்டுரையை நீக்குங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. நேர்மாறான கதையும் உண்டு. டீப்சீக் என்ற சீன நிறுவனத்தின் ஆர்1 மொழி மாதிரி பற்றிய கட்டுரை 2025 ஜனவரியில் ஆர்க்கைவில் வந்தது, நிபுணர் மதிப்பீட்டைத் தாண்டி அதே வருடம் செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியானது. அந்த வடிவத்தில்தான், அடிப்படை மாதிரியை ஆர்1 ஆக மாற்றும் பயிற்சிக்கு ஆன செலவு சுமார் 2,94,000 டாலர் என்ற விவரம் சேர்ந்தது. அடிப்படை மாதிரிக்கு ஆன செலவு அதில் அடங்காது. அவசரமாக முதல் வடிவத்தோடு நின்றவர்களுக்கு அந்த எண் கிடைத்திருக்காது.

கடந்த இரண்டு வருடங்களில் பட்டியலின் வாசமே மாறிவிட்டது. எந்திரம் எழுதிய தொகுப்புக் கட்டுரைகள் (ஒரு துறையில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சொல்பவை), ஒரே மாதிரி நடை, ஒரே மாதிரி பட்டியல்கள். 2025 ஜூலையில், கட்டுரையை மதிப்பிடுவது செயற்கை நுண்ணறிவாக இருந்தால் ‘நல்லதாகவே எழுது’ என்று அதற்கு ஆணையிடும் வரிகளை வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்த கட்டுரைகளை ஒரு ஜப்பானியப் பத்திரிகை கண்டுபிடித்தது. 2025 அக்டோபர் 31 அன்று, கணினி அறிவியல் பிரிவில் தொகுப்புக் கட்டுரைகளும் கருத்துக் கட்டுரைகளும் வேறெங்காவது மதிப்பீடு முடித்து வந்தால்தான் ஏற்போம் என்று தளம் அறிவித்தது. எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ஒரு துறைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு நல்ல தொகுப்புக் கட்டுரைதான் ஏணி. அது தாமதமாக வரும் என்பதில் வருத்தமும் உண்டு.

கைபேசியில் படிப்பது முன்பு தண்டனை. இரண்டு பத்தியில் அச்சிட்ட பிடிஎஃப்பை விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து புதுக் கட்டுரைகளுக்கு எச்டிஎம்எல் வடிவமும் தருகிறார்கள், பேருந்தில் இப்போது அதுதான் என் வழி.

தமிழ் சம்பந்தமானவற்றைத் தேட ஒரு யோசனை. ஆங்கிலத்தில் தமிழ் என்று அடித்து, சுருக்கத்தில் மட்டும் தேடச் சொல்லுங்கள். ஆனால் நம்மைப் பாதிக்கும் கட்டுரைகள் சிலவற்றில் தமிழ் தலைப்பில் இருக்காது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் 22க்குமான இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரியை 2023 மே மாதம் வெளியிட்டது. அதே மாதம் வந்த இன்னொரு கட்டுரை, ஒரே செய்தியை வேறு வேறு மொழியில் எழுதினால் மாதிரிகள் அதை உடைக்கும் துண்டுகளின் (டோக்கன்களின்) எண்ணிக்கை 15 மடங்கு வரை வேறுபடுகிறது என்று காட்டியது. துண்டுக் கணக்கில் கட்டணம் கட்டும் தமிழர்களின் பை எங்கே கிழிகிறது என்பது அதில் இருக்கிறது.

கட்டுரைகளிலிருந்து படங்களை எடுத்துத் தமிழில் எழுத நினைப்பவர்கள் பக்கத்தின் ஓரத்தில் உள்ள உரிமத்தைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று இருந்தால் அதன் நிபந்தனைப்படி எடுத்தாளலாம். ஆர்க்கைவின் வழக்கமான உரிமம் மட்டும் என்றால், விநியோகிக்கும் அனுமதி தளத்துக்குத்தான், நமக்கு இல்லை. ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது, முகவரி பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும்.