டபுள் வீல் செட்டுக்கு ரூ.86,500 போச்சு: கரைச் சரிவில் புல் வெட்டுபவர்கள் கண்டிப்பாகப் படிக்கவும்

ரூ.86,500. பணம் போட்டு இன்றோடு பதினெட்டு நாள். வந்த பொருள் ஷெட்டில் கிடக்கிறது. வண்டியில் மாட்ட முடியாது, மாட்டினால் ஆள் சாவான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம், இதே ஆட்களிடம் அடுத்தவர் போய் மாட்டக் கூடாது.

டெல்டாவில் ஏது சரிவு என்று கேட்பார்கள். ஆற்றுக்கரை, புதுஆற்றின் கரை, வாய்க்கால் கரை, மீன்குட்டைக் கரை எல்லாம் சரிவுதான். இரண்டடி தள்ளிப் போனால் ஓரடி இறங்கும் கரை 27 பாகை. மூன்றடிக்கு ஓரடி என்றால் 18 பாகை. நடுவில் மடங்கும் டிராக்டரில் முன்னால் மோவர் (புல்வெட்டும் கருவி) மாட்டி இந்தக் கரைகளில் ஓட்டுகிறோம். கோரை, நாணல், நெய்வேலிக் காட்டாமணக்கு எல்லாம் மண்டிக் கிடக்கும். ஐப்பசி அடைமழைக்குள் வெட்டி முடிக்க வேண்டிய வேலை. அந்த அவசரம்தான் எங்களை ஏமாற்றி விற்றவனுக்கு வசதியாகப் போனது.

எங்கள் பிரச்சினை, வண்டியின் வால் சறுக்குவது. நடுவில் மடங்கும் வண்டியில் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாகப் புரளும் மூட்டு இருப்பதால், மேடுபள்ளத்திலும் நாலு சக்கரமும் தரையில் நிற்கும். அது பெரிய பலம். ஆனால் மோவர் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. அதைத் தூக்கியவுடன் ஏற்றம் இறைப்பது போல பின்பக்கம் லேசாகிவிடும். கரையில் குறுக்கே போகும்போது மேல்பக்கச் சக்கரத்தின் மீது பாரம் குறைந்து அது வெறுமனே சுற்றும், வால் கீழே இறங்கும். களிமண் கரையில் வெட்டின புல் ஈரத்தோடு கிடந்தால் சோப்பு போட்ட மாதிரி. காலைப் பனி உலர்வதற்குள் இறங்கினால் இன்னும் மோசம்.

இதற்குத் தீர்வு நாலு பக்கமும் டபுள் வீல், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் வெளியே இன்னொரு சக்கரம்; பின்னால் வீல் வெயிட், அதாவது சக்கரத்தில் மாட்டும் எடைக்கட்டி. வெளிச்சக்கரம் சேர்ந்தால் வண்டியின் அகலம் கூடும், கவிழும் கோடு கரையின் கீழ்ப்பக்கம் தள்ளிப் போகும், தரையைத் தொடும் ரப்பரும் இரட்டிப்பாகும். இது தெரிந்துதான் தேடினோம். பழைய பொருள், இறக்குமதி உதிரிபாகம் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் விளம்பரம் கிடைத்தது. வெளியூர்க் கடை.

எங்கே நம்பினோம் என்று சொல்லிவிடுகிறோம். போன் எடுத்தவன் விலை பேசவில்லை. "அண்ணே, உங்க ஹப்புல எத்தனை ஸ்டட்? பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுக்கு நடுவுல எவ்வளவு வருது, அளந்து சொல்லுங்க" என்று கேட்டான். ஹப் என்பது சக்கரம் உட்காரும் அச்சுத் தலை, ஸ்டட் அதில் நீட்டியிருக்கும் திருகாணி. தெரிந்தவன்தான் இந்தக் கேள்வி கேட்பான். அஞ்சு ஸ்டட், 67 மில்லிமீட்டர் என்றோம். "அப்போ 114.3 பிசிடி, நம்மகிட்ட இருக்கு" என்று உடனே சொன்னான். பிசிடி என்றால் ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். கணக்கும் சரி: அஞ்சு ஓட்டை உள்ள சக்கரத்தில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து 0.588-ஆல் வகுத்தால் பிசிடி வரும். பிறகு ஒரு வீடியோ அனுப்பினான். நீல நிற வண்டியில் டபுள் வீல் மாட்டி ஒரு கரையில் ஏறுகிறது. அதோடு சந்தேகம் தீர்ந்துவிட்டது. சக்கரமும், உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் நடுவே வரும் இடைத்துண்டும் ரூ.62,000, வெயிட் நாலு ரூ.20,000, லாரி வாடகை ரூ.4,500. முழுப் பணத்தையும் முன்னாலேயே போட்டோம். தப்பு அங்கேதான்.

வந்ததைப் பிரித்துப் பார்த்தால்:

சக்கரத்தின் ஓட்டை 139.7 பிசிடி. அதை 114.3 ஸ்டட்டில் ஏற்ற, ஒவ்வோர் ஓட்டையையும் உள்பக்கமாக 12, 13 மில்லிமீட்டர் கேஸ் கட்டிங்கில் (காஸ் தீயால் அறுத்து) நீட்டியிருக்கிறார்கள். அறுத்த கசடுகூட தேய்க்கவில்லை, மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள். இது ஏன் ஆபத்து என்றால், கூம்பு நட் உட்காரும் குழி இருந்தால்தான் சக்கரம் மையத்தில் நிற்கும். நட்டை இறுக்கும்போது சக்கரமும் ஹப்பும் ஒன்றோடொன்று அழுந்திப் பிடிக்க வேண்டும், பாரத்தை அந்தப் பிடிதான் தாங்குகிறது. நீண்ட ஓட்டையில் அந்தப் பிடி இல்லை. கரையில் குறுக்கே போகும்போது பக்கவாட்டு பாரம் முழுக்க ஸ்டட்டின் மீது விழும், அது வளைந்து வளைந்து ஒரு நாள் ஒடியும். ஒடிவது பெரும்பாலும் கீழ்ப்பக்கச் சக்கரத்தில்தான் இருக்கும், ஏனென்றால் பாரம் அங்கேதான்.

இடைத்துண்டு கடைசல் பிடித்ததே இல்லை. குழாயை வெட்டி இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டிங். ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பார்த்ததில் விளிம்பில் 9 மில்லிமீட்டர் ஆட்டம்.

வெயிட் ஒன்று 25 கிலோ, வார்ப்பிரும்பு என்றான். எடை போட்டால் 14 கிலோ. தகட்டுக் கூட்டுக்குள் சிமென்ட். நாலும் சேர்த்து 100 கிலோ வர வேண்டியது 56 கிலோ. மோவர் அதிர்கிற அதிர்வில் சிமென்ட் பொடிந்துவிடும்.

டயர் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நாலு இலக்கத்தில் இருக்கும். 2316 என்றால் 2016-இல் 23-ஆவது வாரம். அந்த இடத்தை மட்டும் கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள். வெடிப்பு தெரியாமல் கறுப்புப் பாலிஷ். இதெல்லாம் சேர்த்துத்தான் ரூ.86,500.

அன்றே போட்டோ அனுப்பினோம். அதுவரை "அண்ணே", அதற்கப்புறம் "சார்". "டிரான்ஸ்போர்ட்ல மாறியிருக்கும் சார்." கேஸ் கட்டிங் டிரான்ஸ்போர்ட்டில் எப்படி வரும்? "உங்க மெக்கானிக்குக்கு மாட்டத் தெரியலை சார்." எடைச் சீட்டை அனுப்பினோம். "முதலாளி வெளியூர், திங்கட்கிழமை பேசுறேன்." திங்கள் போய் வியாழன். "திருப்பி அனுப்புங்க, பாத்துட்டு சொல்றோம், வாடகை உங்களுது." இன்னொரு ரூ.4,500-ம் சேர்ந்து போகும் என்று அனுப்பவில்லை. பிறகு எங்கள் எண்ணையே பிளாக் செய்துவிட்டான். விளம்பரம் போட்ட தளமோ, "இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம்" என்று ஒரு வரி அனுப்பி முடித்துக்கொண்டது.

சரிவில் பிடிப்பு கூட்டுவது எப்படி என்று முழுதாக எழுத நினைத்தோம். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது:

வெயிட் வாங்கப் பணம் இல்லையென்றால் உள்சக்கர டியூபில் தண்ணீர் ஏற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, வால்வை மேலே நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு. ஒரு லிட்டர் ஒரு கிலோ, பாரமும் தாழ்வாக நிற்கும். நம் ஊரில் உறையும் குளிர் இல்லை, உப்புக் கரைசல் வேண்டாம், ரிம்மைத் தின்றுவிடும். முதலில் பின்சக்கரம்.

பிடிப்பு வேண்டும் என்று காற்றை ரொம்ப இறக்காதீர்கள், சரிவில் டயர் ரிம்மைவிட்டு உருளும். இரண்டு டயருக்கு நடுவே இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் களிமண்ணும் காட்டாமணக்குத் தண்டும் சிக்கி உரசும். மாட்டியபின் முதல் ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி நட்டை இறுக்குங்கள்.

கரையில் முழுசாக மடக்கித் திருப்பாதீர்கள், மடங்கிய நிலையில் நிற்கும் திராணி குறைவு. வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பாரை நிமிர்த்தி, பெல்ட் போட்டு உட்காருங்கள்.

வாங்கும்போது: ஓட்டை மீது ஸ்கேல் வைத்து வீடியோ கேளுங்கள். வெயிட்டைத் தராசில் வைத்து வீடியோ கேளுங்கள். முழுப் பணம் முன்னால் போடாதீர்கள். பார்சல் ஆபீசில் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம், குறை இருந்தால் எல்ஆரிலேயே (லாரி ரசீது) எழுதுங்கள். ஏமாந்தது தெரிந்தால் அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்; அவன் "திங்கட்கிழமை" என்று சொன்னதை நம்பி நாங்கள் நாளை விட்டோம். நுகர்வோர் புகாருக்கு 1915.

நீல வண்டி டபுள் வீலோடு கரையேறும் வீடியோ, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, கடைசியில் வண்டி இடதுபக்கம் திரும்பும். அது உங்கள் போனுக்கு வந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.