ஹட்டன்ல நான் தீபாவளிக்கு சேர்ட் தச்ச டெய்லர் கட

கடையோட பேர இங்க போடல, ஐயாகிட்ட கேக்காம போடுறது சரியில்லன்னு தோணுது. இலங்கை மலநாட்டுல, ஹட்டன் டவுன்ல ஒரு பழைய கட்டடத்துல இடுக்கு படி ஏறிப்போனா மாடியில இருக்கு, மூணு மெசின், ஒரு வெட்டு மேச, செவுத்துல சாமி படம், அவ்வளவுதான். டெய்லர் ஐயாவுக்கு அறுவது வயசுக்கு மேல இருக்கும், கூட ஒரு அக்கா பட்டன் தைக்கிறாங்க.

நான் திருநம்பி, வயசு 18. ஸ்கூல்ல ஓ/எல் (சாதாரண தர) பரீட்ச எழுதுற வரைக்கும் ரெட்ட ஜடையும் வெள்ள யூனிபோமும்தான், இப்பதான் ஒரு வருசமா முடிய வெட்டி, பேர மாத்தி சொல்லி, மெதுமெதுவா மாறிக்கிட்டு வாறேன். என்ன மாதிரி இருக்கிற புள்ளைங்க மலநாட்டுல இன்னும் எத்தனையோ பேரு இருப்பாங்க, அவங்களுக்கு உடுப்பு எடுக்கிறதுதான் மொத பிரச்சினையா இருக்கும்னு எனக்கு நல்லா தெரியும், அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

ரெடிமேட் எனக்கு சரிவரல. சின்ன பசங்க சைஸ் எடுத்தா இடுப்புல புடிக்குது, பெரிய ஆம்பளைங்க சைஸ் எடுத்தா தோளு முழங்கை பக்கம் தொங்குது. அதவிட கஷ்டம் கடைக்குள்ள போறதுதான், ஒரு கடையில சேர்ட் ரேக் பக்கம் நின்னதுக்கு அங்க வேல செய்ற புள்ள "அண்ணாவுக்கா எடுக்கிறீங்க, லேடீஸ் மேல இருக்கு"ன்னு சொல்லிட்டு பக்கத்துல உள்ளவங்களோட சிரிச்சிச்சி, நான் ஒண்ணும் எடுக்காம எறங்கி வந்து பஸ் ஸ்டாண்ட்ல மழைக்குள்ள நின்னேன். அன்னைக்கு வீட்டுக்கு போயி அம்மாகிட்ட எதுவும் சொல்லல.

போன தீபாவளிக்கு அம்மா தோட்டத்துல குடுத்த தீபாவளி முற்பணத்துல இருந்து கொஞ்சம் எடுத்து என் கையில வச்சி, "ஒனக்கு புடிச்ச மாதிரி தச்சிக்க சாமி"ன்னு சொல்லிச்சி. அம்மா இப்ப என்னைய மகன்னும் சொல்றதில்ல மகள்னும் சொல்றதில்ல, சாமின்னுதான் கூப்பிடுது, அது அதுக்கு வந்த வழி. அப்ப அம்மாவோட நாள் சம்பளம் 1,350. சேர்ட்டுக்கு கூலி 1,400, ட்ரவுசருக்கு 1,800, துணி வேற. அதனால இந்த காசு வீணாப்போயிறக்கூடாதுன்னு பயந்துக்கிட்டேதான் படி ஏறினேன்.

எனக்கு ஆகப்பெரிய பயம் அளவு எடுக்கிறது. டேப்ப புடிச்சிக்கிட்டு நெஞ்ச சுத்தி, இடுப்ப சுத்தி, நாலு பேரு பாக்க, நம்பர சத்தமா சொல்லி எழுதுவாங்களே, அத நெனச்சே ரெண்டு ராத்திரி தூங்கல. ஐயா என்னைய ஒரு தடவ பாத்தாரு, "தம்பி, அளவு சட்ட இருக்கா"ன்னு கேட்டாரு. பேக்ல ஒரு பழைய சேர்ட் இருந்துச்சி, குடுத்தேன், அத மேசையில விரிச்சி அதுலயே அளந்தாரு. தோளும் கை நீளமும் மட்டும் என் மேல வச்சி பாத்தாரு, அதுவும் "வைக்கவா"ன்னு கேட்டுட்டு. ட்ரவுசருக்கு டேப்ப என் கையில குடுத்து நீயே சுத்தி நம்பர சொல்லுன்னாரு. அப்புறம் அந்த அக்காகிட்ட திரும்பி, "தம்பி செக் துணி கேக்குறாரு, அந்த கட்ட எடுத்து காட்டு"ன்னாரு.

இத படிக்கிற எல்லாருக்கும் இது ஏன் பெரிய விசயம்னு புரியுமான்னு தெரியல, அதனால கொஞ்சம் சொல்றேன். நம்ம பேச்சுல நான் வந்தேன் நீ வந்தன்னு பேசுற வரைக்கும் ஆணா பொண்ணான்னு வராது, ஒரு நாள் முழுக்க அப்பிடியே பேசி சமாளிச்சிறலாம், ஆனா பக்கத்துல நிக்கிற ஆளுகிட்ட ஒருத்தர் நம்மள பத்தி சொல்லும்போதுதான் வந்தான் இல்லாட்டி வந்தா, கேக்குறாரு இல்லாட்டி கேக்குறா அப்பிடின்னு வந்து விழுந்துரும், பஸ்ல கண்டக்டர் டிரைவர்கிட்ட "அந்த தங்கச்சி எறங்கணுமாம்"னு கத்துற எடத்துலதான் எனக்கு தெனமும் முடிஞ்சிரும். எங்கூட்டு ஆளுங்க இல்லாத ஒருத்தரு என்ன பத்தி இன்னொருத்தர்கிட்ட "கேக்குறாரு"ன்னு சொல்லி நான் கேட்டது அதுதான் மொத தடவ. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

தையல் பத்தி சொல்றேன். ஐயா ஏன் எதுக்குன்னு ஒண்ணும் கேக்கல, ஆனா எங்க பிரச்சினன்னு அவருக்கு புரிஞ்சிச்சி. மெல்லிசு துணி வேணாம், ஒடம்புல ஒட்டும், கொஞ்சம் கனமான கடும் நெறம் எடுன்னாரு. நெஞ்சுல ரெண்டு பக்கமும் மூடி வச்ச பொக்கெட், முதுகுல மேல ஒரு பட்டி வச்சி தோள அகலமா காட்டி, பக்கத்துல வளைச்சி வெட்டாம நேரா எறக்கி தச்சாரு. ட்ரவுசருக்கு முன்னுக்கு ரெண்டு மடிப்பு, கால் நேரா. போட்டு பாத்தா இடுப்பு தெரியல. பட்டன் வலது பக்கம், ஆம்பள சேர்ட்ல அப்பிடித்தான், மொத ரெண்டு நாள் என் வெரலு பழக்கத்துல எடது பக்கம் போயி தேடிச்சி.

இதோட ஒண்ணு கட்டாயம் சொல்லணும். இதுக்கு முன்ன நான் நெஞ்சு தட்டையா தெரியணும்னு கிரேப் பேண்டேஜ் சுத்திக்கிட்டு போவேன், அது செய்யாதீங்க தம்பிமாரே. அது போகப்போக இறுகும், ரோட்டுல இருந்து லயத்துக்கு படி ஏறும்போது பாதியிலயே மூச்சு முட்டி ஒக்காந்துட்டேன், விலா எலும்பு ஒரு வாரம் வலிச்சிச்சி. நெஞ்ச அமுக்கி வைக்கிறதுக்குன்னே செஞ்ச பைண்டர்ங்கிற உள் உடுப்பு கெடைச்சாலும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல போடக்கூடாது, தூங்கும்போது போடவே கூடாது. எங்க பக்கத்து குளிருக்கு ஜெர்சி போட்டு திரிஞ்சா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, அது ஒரு பெரிய ஒதவி, வெயில் காலத்துலதான் இந்த மாதிரி தச்ச சேர்ட் வேணும்.

கொறையும் இருக்கு. சனிக்கிழம தாறேன்னு சொன்னது புதன்கிழமதான் கெடைச்சிச்சி, தீபாவளி நேரம் வேல குமிஞ்சி கெடந்துச்சி, ஆனா ரெண்டு தடவ பஸ் காசு செலவழிச்சி போயி வந்தேன். போட்டு பாக்க ஒரு மூலையில திரைச்சீல மட்டும்தான், சரியா மூடாது, கண்ணாடி வெளிய இருக்கு, ஆளுங்க இருந்தா கூச்சமா இருக்கும். நான் அத சொன்னதுக்கு அக்கா திரைய கையால புடிச்சிக்கிட்டு நின்னாங்க. அதுக்கு ஒரு கதவு போட்டா எவ்வளவோ நல்லம். ஒரு காலு அர இஞ்சி கூட, உடனே காசு வாங்காம திருத்தி குடுத்தாரு.

பில் எழுதும்போது பேரு கேட்டாரு. நான் என் பேர சொன்னேன், எழுதினாரு. ஐடி கேக்கல. எனக்கு ஐடி எடுத்தது ஓ/எல் பரீட்சைக்காக ஸ்கூல்ல, அதுல பேரு மட்டுமில்ல நம்பரே காட்டிக்குடுக்கும், மொத நாலு எண் பொறந்த வருசம், அடுத்த மூணு அந்த வருசத்துல எத்தனையாவது நாள்னு, பொண்ணுன்னு பதிஞ்சா அதோட 500 கூட்டிருவாங்க. 40ஆவது நாள் பொறந்த பையனுக்கு 040, எனக்கு மாதிரின்னா 540. சிம் எடுக்க, பேங்க்ல புத்தகம் போட, எங்க போனாலும் அத நீட்டணும். 2016ல இருந்து அரசாங்க மனநல டாக்டர்கிட்ட பாலின அங்கீகார சான்றிதழ் எடுத்து, அத வச்சி பொறப்பு சான்றிதழ மாத்தி, பெறகு ஐடியையும் மாத்தலாம். நான் இன்னும் கிளினிக் ரெண்டு தடவதான் போயிருக்கேன்.

பொங்கலுக்கு தைக்கணும்னா மார்கழி தொடங்கவே துணிய குடுத்துருங்க, அளவு சட்ட கொண்டு போங்க, காலையில போனா ஆளு கொறைவு. உடுப்பு எடுக்கும்போது பில்ல வாங்கி கம்பியில குத்தி வச்சிருவாங்க. நான் அத கேட்டு திருப்பி வாங்கிட்டேன், ஐயா ஏன்னு கேக்காம உருவி குடுத்தாரு. போன் கவருக்குள்ள வச்சிருக்கேன், என் பேரு எழுதின மொத பேப்பர் அது.